ஷட்டரைத் தொட்டவர் முகம்

மாணவர் விடுதியில் ஆண்டுப் படம் எடுக்க வந்த ஜெபமணி, பழைய பிலிம் கேமராவை முற்றத்தில் நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் லென்சுக்குள் வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் தகடு வளைந்து, மூடாமல் சிக்கிக் கிடந்தது.

"இவதான் இந்தப் பக்கம் வந்தா," என்று வார்டன் சிதம்பரநாதன் சமையற்கட்டுப் பேராச்சியைக் கை காட்டினார். "இன்னைக்குப் படம் எடுத்தாகணும். இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே!"

பேராச்சி ஜெபமணி பக்கம் திரும்பினாள். "ஷட்டர் இல்லாம எடுக்க முடியாதாண்ணே?" என்று கேட்டாள்.

"லென்ஸ் மூடியைக் கையால திறந்து மூடி எடுக்கலாம்மா."

"அப்படியே எடுங்க," என்றவள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "ஆனா ஷட்டரைக் கெடுத்தவங்க முகம் மட்டும் கறுப்பா விழுமாமே!"

ஜெபமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தப்பாம விழும்," என்றார்.

வார்டன் நடு நாற்காலியில் உட்கார, மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். பேராச்சியும் ஓரத்தில் நிமிர்ந்து நின்றாள். ஜெபமணி மூடியில் கை வைத்ததும் வார்டன் துள்ளி எழுந்தார்.

"நான் வேண்டாம். நீங்க எடுத்துக்கிடுங்க!"

முற்றமே சிரித்தது. வார்டன் தலை குனிந்தார். "உள்ளே என்னன்னு விரலால தொட்டுப் பார்த்தேன். ரிப்பேர் செலவு என்னோடது."

"தெரியாமப் பட்ட கைதானே ஐயா? உக்காருங்க, கறுப்பெல்லாம் விழாது," என்றாள் பேராச்சி.

படம் எடுத்து முடிந்தது. எல்லாரும் கலைந்ததும் ஜெபமணி அவளைக் கைகூப்பிக் கும்பிட்டார்.

"ரிப்பேர் காசை யார்ட்டப் போய்க் கேட்பேன்னு தவிச்சுப் போயிட்டேன் தாயி. ஒரு பிலிம் மிச்சமிருக்கு. அசையாம நில்லு, இது உனக்கு மட்டும்."