மிச்சத்தில் இருந்தவர்கள்

தனபால் ஒரு குருவைத் தேடிப் போனபோது அவருக்கு வயது அறுபது. குருவுக்கு நாற்பத்து நாலு.

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், சொத்துக்கு மதிப்புப் போடும் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்று திருச்செங்கோட்டு ஆடிட்டர் மரகதத்திடம் வந்து சேர்ந்தார். அவர் மனைவிக்கு அதில் ஏகப்பட்ட நிம்மதி.

மரகதம் அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். இத்தனை வருஷம் மற்றவர்களை வேலை ஏவியே பழகிய தனபாலுக்கு ஆரம்பத்தில் இது கொஞ்சம் கசந்தது. போகப் போகப் பழகிவிட்டது.

அந்த வருஷம் பொன்னாச்சி பஸ் கம்பெனி கைமாறியது. முதலாளி அர்த்தநாரிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பெண்கள் இருவரும் வெளிநாட்டில். வாங்கியவர் குழந்தைவேல், ஏற்கெனவே ஏராளமான பஸ்கள் ஓட்டுகிறவர். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்திருந்தார். கொடுத்த தொகைக்கு என்னென்ன வந்தது, எது எவ்வளவு பெறும் என்று பிரித்து எழுதும் வேலை மரகதத்திடம் வந்தது.

“நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க சார். கார் வேண்டாம். அவங்க பஸ்லயே போங்க,” என்றார் மரகதம்.

தனபால் பொன்னாச்சியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். ஓட்டுநர் பெயர் மாதேசன், நடத்துநர் சின்ராசு. இரண்டாவது நிறுத்தத்தில் அவர்களுக்கு முன்னால் போன குழந்தைவேலின் பஸ் காலியாக நின்று, ஹாரன் அடித்துப் பார்த்து, காலியாகவே போனது. வெயிலில் நின்ற கூட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொன்னாச்சி வந்ததும் மொத்தமாக ஏறியது.

ஏறாத ஒரு பெண் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுத் தூக்குப்போசியை நீட்டினாள்.

“சைசிங் மில்லுகிட்ட எங்கூட்டுக்காரரு நிப்பாருங்ண்ணா.”

“தெரியும் குடு,” என்று வாங்கிக்கொண்டார் சின்ராசு. “நேத்து காலிப் போசியத் திருப்பிக் குடுத்தாரா?”

“குடுத்தாருங்ண்ணா.”

அடுத்த ஊரில், தோட்டத்து வரப்பில் ஒரு கிழவர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். ஓடி வரவில்லை, அவருக்கு ஓட முடியாது. மாதேசன் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டார். நேரமாகிறது என்று பஸ்ஸில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

தனபாலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படியும் நாலு பேர் இருப்பதால்தான் ஊருக்கு மழை பெய்கிறது என்று நினைத்துக்கொண்டார். புது முதலாளி இவர்களை வைத்துக்கொள்ள வேண்டுமே என்ற கவலையும் கூடவே வந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பிப் பட்டியல் போட்டார். பஸ்களுக்கு ஒரு விலை. ஷெட்டுக்கும் இடத்துக்கும் ஒரு விலை. பெர்மிட்டுக்கு நல்ல விலை. பஸ்ஸைப் பழைய இரும்புக்குப் போட்டாலும் அந்தத் தடத்தில் ஓட்டும் உரிமைக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். பொன்னாச்சி என்ற பெயருக்கும் ஒரு விலை. கடைசியாக, கேட்பாரில்லாமல், ‘ஓட்டுநர்கள், நடத்துநர்கள்’ என்று ஒரு வரி எழுதி அதற்கும் தாராளமாக ஒரு விலை போட்டார். பட்டியலில் ஏறிவிட்டால் பத்திரம் என்பது அவர் கணக்கு.

மரகதம் அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார்.

“மேடம், அவங்க இல்லாம அந்தக் கம்பெனியே இல்லைங்க.”

“ஆமாங்க சார்.”

“அப்புறம் ஏன் அடிச்சீங்க?”

“கணக்கு விதி அப்படி. மேல இருக்கறதைக் கூட்டி, கொடுத்த தொகையில கழிங்க.”

கழித்தார். பெரிய தொகை மிஞ்சியது. எந்தப் பொருளின் பேரிலும் எழுத முடியாமல் மிஞ்சுகிற பணத்துக்குக் ‘குட்வில்’ என்று பெயர். மரகதம் அதைக் கடைசியில் எழுதிப் பட்டியலை மூடினார். தனபால் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் குழந்தைவேல் வந்தார். பட்டியலைப் படித்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அத்தோடு எழுந்து போயிருப்பார். தனபாலால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“அந்த ஆளுங்களை என்ன பண்றதா உத்தேசமுங்க?”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். எழப்போன குழந்தைவேல் மறுபடி உட்கார்ந்து பட்டியலை இன்னொரு தரம் பார்த்தார்.

“ஆளுங்க இதுல இல்லீங்களே?”

“இல்லீங்க,” என்றார் மரகதம்.

“அப்பச் சரி. அவங்களுக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்து ஒண்ணாந்தேதி அனுப்பிடறேன். எங்கிட்டயே பசங்க இருக்கானுங்க. சம்பளமும் கம்மி.”

தனபால் பட்டியலை இழுத்துப் பார்த்தார். தான் எழுதிய வரி இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? குருவை ஏறிட்டுப் பார்த்தார். முதல் தடவையாக அந்தப் பார்வையில் கோபம் இருந்தது.

“நல்லதுங்க,” என்றார் மரகதம். பேனாவை எடுத்துப் பட்டியலின் கடைசித் தொகைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

குழந்தைவேல் பதறிப் போனார். “என்னுங்க பண்றீங்க? அது நான் குடுத்த பணமுங்க!”

“நீங்கதான் குடுத்தீங்க. அவங்க போற அன்னைக்கு இதுல பெரும்பாலும் நஷ்டம்னு எழுத வேண்டி வரும். இப்பவே எழுதிட்டா ஒரு வேலை முடிஞ்சுதுங்க.”

“பஸ்ஸு இருக்குதே? பெர்மிட்டு, பேரு, எல்லாம் இருக்குதே?”

“அதுக்கெல்லாம் மேல தனித்தனியா போட்டாச்சுங்க.”

“அப்ப இது எதுக்கு?”

“நானும் அதைத்தான் கேட்கணும்னு இருந்தேன். அர்த்தநாரி சொன்ன விலையை நீங்க ஏன் பேரம் பேசலை?”

கெட்ட மனிதர் இல்லை குழந்தைவேல். லாரியில் கிளீனராக ஆரம்பித்து மேலே வந்தவர்.

“என்ற பஸ்ஸு முன்னாலயே போவுமுங்க,” என்றார் மெதுவாக. “காலியாப் போவும். சனம் வெயில்ல நிக்கும், பொன்னாச்சி ஆளுங்க வரட்டும்னு. நானே காரை நிறுத்திப் பார்த்திருக்கேன். என்ன விலைன்னாலும் வாங்கிப்போடணும்னு அன்னைக்கு ஒரு வெறி.”

அவரே பட்டியலை மரகதத்தின் பக்கம் நகர்த்தினார்.

“கோட்டை அழிச்சுருங்க,” என்றார் குழந்தைவேல். “ஒருத்தரும் போக வேண்டாம். நானே ஷெட்டுக்குப் போய்ச் சொல்றேன்.” போகும்போது என்ன தோன்றியதோ, தனபாலின் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்ல நேரத்துல கேட்டீங்க சார். புண்ணியமாப் போச்சு.”

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தனபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் மேடம். இந்த நன்றியை நான் மறக்கமாட்டேன். ஆனா ஒண்ணு புரியலைங்க. நான் எழுதுன வரிய விட்டிருந்தா அவர் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டாரே? இவ்வளவு மதிப்பான ஆளுங்களைப் பட்டியல்ல சேர்க்கறதுக்கு ஏன் விதி இடம் கொடுக்கலை?”

“அவங்களை எந்த இடத்துல எழுதியிருந்தீங்க சார்?”

தனபால் பட்டியலைப் பார்த்தார். “பேருக்குக் கீழே. பஸ், ஷெட்டு, பெர்மிட்டு, பேரு, அப்புறம் அவங்க.”

“அதெல்லாம் யாரோடது?”

“இப்போ குழந்தைவேலோடது.”

“பஸ் நாளைக்கு ஷெட்டை விட்டுத் தானாப் போயிடுமா?”

“எப்படிங்க போகும்?”

“மாதேசன்?”

“அவர் இஷ்டப்பட்டாப் போகலாம். வேற யாருகிட்டயும் ஓட்டலாம்.”

“போகலாம். ஆனா காலையில அவரா இஷ்டப்பட்டு வண்டியெடுக்க வருவார் சார். விலைக்கு வாங்குனதை எழுதற எடம் இந்தப் பட்டியல். அவர் வர்றதை இதுல எங்க எழுதுவீங்க? அவரைப் பார்த்தா ஒரு கும்பிடு போட்டுட்டு பஸ்ல ஏறி உக்காருங்க.”