நாலாம் படுக்கைக்கு வந்த ஊசி

மௌனகிரி சாமிகளுக்கு நுரையீரலில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாள் ஆகியிருந்தது. துணைக்கு இருந்தவர் சீடர் ஏகாம்பரநாதன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். குருவைவிட ஏழு வயது மூத்தவர். சாஸ்திரம் தெரிந்தவர். தெரிந்ததைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர்.

அன்று மதியம்தான் அது அவர் கண்ணில் பட்டது. குரு வடக்கே தலைவைத்துப் படுத்திருக்கிறார்! வடக்கே தலைவைத்த யானை என்ன ஆயிற்று என்று பிள்ளையாரைக் கேட்டால் தெரியும்.

எதிர் வரிசையில் நாலாம் படுக்கை தெற்கே தலைவைத்தது. அதிலிருந்த மளிகைக்காரருக்குத் திசையில் பிடிவாதம் ஒன்றுமில்லை. வார்டு பணியாளர் கைகொடுக்க, இரண்டு நோயாளிகளும் இடம் மாறினார்கள். நர்ஸிடம் சொல்லவேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு மணிக்கு டியூட்டி மாறியது. புதிதாக வந்த சிஸ்டர் ஜெபராணி, தட்டில் ஊசியோடு நாலாம் படுக்கைக்கு வந்தார். சாமிகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க பேர் என்ன?"

ஏகாம்பரநாதன் குறுக்கே வந்தார். "தூங்கறாரும்மா. ஊசியைப் போட்டுட்டுப் போங்க."

"அப்ப நீங்க சொல்லுங்க சார்."

"குருவோட பேரைச் சீடன் சொல்லக் கூடாது."

"எங்க ஊர்ல புருஷன் பேரைத்தான் சொல்ல மாட்டாங்க. சரி, அவரே சொல்லட்டும்."

"நீங்களே ஒரு பேரைச் சொல்லுங்களேன். நான் தலையாட்டறேன்."

"நீங்க எதுக்கு வேணாலும் ஆட்டுவீங்க சார்."

"காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடலை. இப்பத்தான் கண்ணசந்தார். எழுப்பறது பாவம்!"

"பாவம் என் தலையில விழட்டும்." ஜெபராணி சாமிகளின் தோளைத் தட்டினார். "ஐயா, பேர் சொல்லுங்க."

ஏகாம்பரநாதனுக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. துறவு கொண்ட அன்று, சாமிகள் தனக்குத் தானே கருமம் செய்து ஆற்றோடு விட்ட பெயர். முப்பத்தொரு வருடமாக யார் வாயிலும் வராதது; ஆதார் அட்டையில் மட்டும் மிஞ்சியிருந்தது.

"ரத்தினவேலு," என்றார் சாமிகள். "அப்பா பேரு சுடலைமுத்து."

ஜெபராணி அவர் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"இது சர்க்கரைக்காரருக்கு எழுதின இன்சுலின். யாரு இவரை இங்க படுக்கவெச்சது?"

ஏகாம்பரநாதன் தட்டிலிருந்த ஊசியைப் பார்த்தார். "போட்டிருந்தா?"

"வெறும் வயிறு. சர்க்கரை சரசரன்னு இறங்கியிருக்கும். தூங்கறார்னு நீங்களும் விசிறிக்கிட்டே இருந்திருப்பீங்க."

சாமிகள் மெல்ல எழுந்து உட்கார்ந்து, ஜெபராணியை இரு கைகூப்பிக் கும்பிட்டார். அவர் ஒரு மனிதரைக் கும்பிட்டு மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கணும் தாயி."

"என் வேலைங்க ஐயா," என்றபடி ஜெபராணி எதிர் வரிசைக்குப் போனார். "உங்க பேர் என்னங்க?" என்று மளிகைக்காரரைக் கேட்கும் குரல் வந்தது.

ஏகாம்பரநாதன் தரையில் விழுந்து வணங்கினார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"மரியாதைன்னு நெனச்சேன் சாமி. இனிமே நீங்க தூங்கறப்ப யாராவது மருந்தோட வந்தா, அடியேன் என்ன செய்யணும்?"

"எழுப்புங்க, வாத்தியாரே."