ஒற்றைப் புள்ளி வண்டு

நாவல் மரத்தின் உச்சிக் கிளையில் முசுறு எறும்புகள் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டியிருந்தன. வாசலைக் காத்தவள் கூர்வாய். அவளுக்கு உதவி, தங்கை சிற்றிடை. (எல்லா எறும்புக்கும் இடை சிறிதுதான், பெயர் வைத்தவருக்கு அவசரம் போலும்.)

கூட்டிலிருந்த முட்டைகளின் மேல் செவ்வண்டுகளுக்குத் தீராத ஆசை. அவை பார்ப்பதற்கு எறும்புகளைப் போலவே இருக்கும். ஒரே ஒரு வேறுபாடு: எறும்பின் முதுகில் ஒரு கரும்புள்ளி, வண்டின் முதுகில் இரண்டு.

"இரண்டு புள்ளியா? செத்தாய்!" என்று கூர்வாய் கடித்துப் போடுவாள். ஒரு புள்ளி என்றால், "போ தங்கச்சி" என்று வழிவிடுவாள்.

வண்டுகளின் ஆயுள் சில நாள்தான். தலைமுறைகள் வேகமாக ஓடின. வாசலில் பிணங்கள் குறைந்தன.

"பார்த்தாயா? என் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறார்கள்!"

"வண்டு குறைகிறது, சரி அக்கா. முட்டையும் ஏன் குறைகிறது?"

"அரசிக்கு வயதாகிவிட்டது. வாயை மூடு!"

ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்த கூர்வாய் உறைந்துபோனாள். முட்டைக் குவியல் இருந்த இடம் ஏறக்குறைய வெறுமை. நடுவே ஒருத்தி சப்புக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! நம் முட்டையையே தின்கிறாயே!"

"நம் முட்டையா? நான் வண்டு, தாயே!"

"பொய்! உனக்கு ஒரு புள்ளிதானே இருக்கிறது! இன்னொன்றை எங்கே அழித்தாய்?"

"நானா அழித்தேன்? நீதான்! இரண்டு புள்ளியோடு வந்தவர்களை வாசலிலேயே கொன்றாய். எப்போதோ தவறிப்போய் ஒரு புள்ளியோடு பிறந்தவர்களை உபசரித்து உள்ளே அனுப்பினாய். அவர்கள் தின்றார்கள், பெருகினார்கள். இன்று எங்கள் குலமே ஒற்றைப் புள்ளி. எல்லாம் உன் பல் செய்த வேலை!"

"இனி ஒற்றைப் புள்ளியையும் விடமாட்டேன்!" என்று கூர்வாய் அலறினாள். வண்டு எறும்புக் கூட்டத்துக்குள் நழுவியது. துரத்திய கூர்வாயின் முன், கடைசி முட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு முதுகு ஓடியது. அதிலும் ஒரு புள்ளி. பாய்ந்து கடித்தாள்.

"அக்கா! இதையாவது காப்பாற்றலாம் என்றுதான்..."

சிற்றிடை அதற்குமேல் பேசவில்லை. முட்டை உருண்டு விழுந்து உடைந்தது. காவலற்ற வாசல் வழியே வண்டுகள் நிதானமாக உள்ளே வந்துகொண்டிருந்தன.

ஒரே ஓர் அடையாளத்தை நம்பிப் பகைவரைக் கொல்பவர், அந்த அடையாளம் இல்லாத பகைவரைத் தாமே வளர்த்துவிடுகிறார்.