கட்டுச்சோற்றுக்குப் பூட்டு இல்லை

படை கிளம்பும் நாள் எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்துபோயிற்று. பழி போட ஆள் தேடியபோது அகப்பட்டவள் அரண்மனை வாசல் பெருக்கும் சடைச்சி.

"ஆலோசனை அறைக்கு மூன்று பூட்டு. ராஜாவையும் என்னையும் விட்டால் ஓலை எழுதுகிறவர் மட்டும்தான் உள்ளே வரலாம். அவரும் வெளியே வாய் திறக்கக்கூடாது என்பது என் சட்டம். இவள்தான் ஒட்டுக் கேட்டிருக்கிறாள்" என்றார் தளவாய் வேங்கடப்பர். வெளியே கழுமரம் நட்டாயிற்று.

சடைச்சி ராஜாவைப் பார்த்துச் சொன்னாள். "சாமி, புதுசா ஒரு நாள் குறிங்க. என்னை வாசல் தூணில கட்டிப்போடுங்க. பொழுது சாயறதுக்குள்ள அந்த நாளைச் சொல்லாட்டி கழுவுல ஏத்துங்க."

ராஜா சம்மதித்தார். அறைக்குள் நாள் குறித்தார்கள். தூணருகே ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். ஒருவரும் அவளிடம் பேசவில்லை. வெயில் இறங்கியது. வழக்கம்போல மடைப்பள்ளிக்காரன் வாசலுக்கு வந்து, கடைக்காரர்களுக்குச் சாமான் பட்டியலை உரக்கப் படித்துவிட்டுப் போனான்.

ராஜா வந்தார். "சொல்."

"செவ்வாய் விடியக்காலம், சாமி. எண்ணூறு பேர்."

ராஜாவோடு வந்த தளவாய் ஓரடி முன்னால் வந்தார். "யார் சொன்னது?"

"உங்க சட்டம்தான், எசமான். அறைக்குள்ள வர்ற ஓலைக்காரரையே மடைப்பள்ளிப் பட்டியலும் எழுத வச்சிருக்கீங்க. செவ்வாய் விடியலுக்கு எண்ணூறு கட்டுச்சோறுன்னு ஊருக்கே படிக்கிறாங்க. அறைக்கு மூணு பூட்டு போட்டீங்க, கட்டுச்சோத்துக்கு ஒண்ணாவது போட்டிருக்கலாம்."

ராஜா அவள் கட்டை அவிழ்க்கச் சொன்னார். தூணைக் காலியாக விட வேண்டாம் என்று தளவாயைப் பார்த்தார்.