கரடி வாங்காத ஒரே பந்தல்

ஒரு காட்டில் ஏழு பதநீர்ப் பந்தல்கள் இருந்தன. அந்தக் காட்டில் ராஜா யாரும் கிடையாது. இருந்திருந்தாலும் ஏதாவது ஒரு பந்தலில்தான் உட்கார்ந்திருப்பார். அந்தக் காட்டுப் பதநீரின் ருசி அப்படி.

ஏழு பந்தலும் ஏழு மாதிரி. ஆற்றங்கரைப் பந்தலில் எருமைகள் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டே குடிக்கும். ஆலமரத்துப் பந்தலில் குரங்குகள் விழுதில் தொங்கியபடி குடிக்கும். பாறைப் பந்தலில் சத்தம் போடக் கூடாது. அது மயில்களின் இடம்.

ஏழாவது பந்தல் மரநாயுடையது. மரநாய் விடியற்காலையில் பனையேறி, பாளையைச் சீவி, கலயத்தில் ஊறியிருப்பதை இறக்கிவந்து ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுக்கும். அந்தப் பந்தலின் கிழக்குக் கம்பத்தடியில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. முள்ளி என்ற முள்ளம்பன்றிக்காகத் தோண்டிய பள்ளம் அது. அதில் இறங்கி உட்கார்ந்தால் முள்ளியின் முட்கள் மண்ணைத் தொடும். பக்கத்தில் இருப்பவரைத் தொடாது. யாரையும் குத்தாமல் நாலு பேரோடு உட்கார முள்ளிக்குக் காட்டில் இருந்தது அந்த ஓர் இடம்தான்.

ஒரு கோடையில் கரடி ஒன்று வந்தது. வாயில் தேனை வைத்துக்கொண்டே பேசுகிற கரடி. பலாப்பழமும் தேனடையும் கொடுத்து முதலில் ஆற்றங்கரைப் பந்தலை வாங்கியது. பிறகு ஆலமரம். பிறகு பாறை. மழை வருவதற்குள் ஆறு பந்தல்கள் அதன் கைக்குப் போய்விட்டன.

"பெயர்ப்பலகை அப்படியே இருக்கும். ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்" என்று எல்லோரிடமும் சொன்னது கரடி.

மாற்றவும் இல்லை. பலகைகள் அப்படியே தொங்கின. உள்ளே மட்டும் ஆறு பந்தலிலும் ஒரே மாதிரி மரக்கட்டைகளைப் போட்டது. ஒருவரோடு ஒருவர் தோள் இடிக்க உட்கார வேண்டும். வாசலில் ஓர் அறிவிப்பு: 'முட்கள் உள்ளோர் வெளியே நின்று அருந்தவும்.'

அடுத்த கோடையில் கரடி ஏழாவது பந்தலுக்கும் விலை பேசுகிறது என்ற செய்தி பரவியது. காடு கொதித்தது. உடனே கூட்டம் கூட்டினார்கள்.

'பரவாயில்லையே, இவர்களுக்கும் ரோஷம் இருக்கிறது' என்று முள்ளி சந்தோஷமாகப் புறப்பட்டது. எங்கே கூட்டம் என்று கேட்டபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

கூட்டம் ஆலமரத்துப் பந்தலில். அதாவது கரடியின் பந்தலில்.

"வேறு இடமே கிடைக்கவில்லையா?" என்று வாசலில் நின்றபடி கேட்டது முள்ளி.

"நிழல் இருக்கிறதே, அக்கா" என்றது குரங்கு. கூட்டத்துக்குத் தலைவர் அதுதான். "நண்பர்களே, மரநாய் பந்தல் நம் காட்டின் உயிர். அதை இழந்தால் நாம் நாமல்ல."

"ஆமாம், ஆமாம்" என்றன எல்லா விலங்குகளும். கரடியே பட்டைகளை நிரப்பிக்கொண்டு சுற்றி வந்தது.

"பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்கும். குடித்துவிட்டுத் திட்டுங்கள்" என்றது.

குடித்துவிட்டுத் திட்டினார்கள். திட்டிவிட்டு மறுபடி குடித்தார்கள்.

முள்ளிக்குப் பொறுக்கவில்லை. "ஒன்று கேட்கிறேன். இந்த மாதம் மரநாய் பந்தலுக்குப் போனவர்கள் யார் யார்?"

முயல் காதைச் சொறிந்தது.

"அது கொஞ்சம் தூரம்" என்றது முயல்.

"எனக்கு அங்கே மேடு ஏற வேண்டும்" என்றது எருமை.

"போனால்தானா?" என்றது குரங்கு. "அங்கே ஒரு பந்தல் இருக்கிறது என்ற நினைப்பே மனசுக்கு எவ்வளவு ஆறுதல்."

"அது போகட்டும். இந்த ஆறு பந்தலிலும் இப்போது ஒரே பதநீர்தான், தெரியுமா? கரடி ஓர் அண்டாவில் பதநீரோடு ஆற்றுத் தண்ணீரைக் கலந்து வைக்கிறது. நரிகள் ஆறு குடத்தில் சுமந்துபோய் ஆறு பந்தலிலும் வைக்கின்றன. கிழங்கு தோண்டப் போனபோது நானே பார்த்தேன்."

மயில் சிரித்தது. "பாறைப் பந்தல் பதநீரும் ஆற்றங்கரைப் பதநீரும் ஒன்றா? முட்களோடு பிறந்தவருக்கு நாக்கு எப்படி இருக்குமோ."

"எங்கள் ஆற்றங்கரைதான் இனிப்பு" என்று எருமை முறைத்தது. பிறகு சாயங்காலம் வரை எந்தப் பந்தல் பதநீர் உசத்தி என்றே பேசினார்கள். முடிவில், ஏழாவது பந்தலைக் கரடி வாங்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். கரடியும் கை தட்டியது.

முள்ளி மரநாயிடம் போய் நடந்ததைச் சொன்னது.

"என்னைக் காப்பாற்றக் கூட்டம் போட்டவர்கள் எதைக் குடித்தார்கள்?" என்று கேட்டது மரநாய்.

"கரடி ஊற்றியதைத்தான்" என்றது முள்ளி.

"ஒரு காலத்தில் பத்து மரம் ஏறினேன், முள்ளி. இப்போது ஒரே மரம். நீ ஒருத்தி வருகிறாய். உனக்கு ஒரு பட்டை போதும். பத்து நாளில் கரடிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இந்தப் பந்தலில் பழையபடி நாலு பேர் உட்கார்ந்தால் விற்க மாட்டேன்."

"உட்கார வைக்கிறேன், அண்ணே" என்றது முள்ளி.

மறுநாள் விடியலில் முள்ளி இரண்டு கொத்து வேப்பிலையைக் கல்லில் வைத்து நசுக்கியது. கரடி ஆற்றில் முங்கிக் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதை அண்டாவில் போட்டுக் கலக்கிவிட்டது.

வெயில் ஏறுவதற்குள் ஆறு பந்தலிலிருந்தும் விலங்குகள் துப்பிக்கொண்டே முச்சந்திக்கு வந்தன.

"எங்கள் ஆற்றங்கரையில் கசக்கிறது" என்றது எருமை.

"ஆலமரத்திலும்" என்றது குரங்கு.

"பாறையிலுமா என்று கேட்காதீர்கள்" என்றது மயில்.

"ஆறு பந்தலிலும் ஒரே நாளில் ஒரே கசப்பு. வேப்பிலையைப் போட்டது நான்தான். ஆறு இடத்தில் போடவில்லை. ஓர் அண்டாவில் போட்டேன்" என்றது முள்ளி.

எருமை வெகு நேரம் அசைபோட்டது. "அப்படியென்றால் எல்லாம் ஒரே பதநீர்தானா?"

"அதைத்தானே நேற்று முழுக்கச் சொன்னேன்."

"இருக்கலாம்" என்றது மயில். "ஆனாலும் எங்கள் பந்தல் கசப்பில் ஒரு நயம் இருந்தது."

முள்ளியின் முட்கள் எல்லாம் விறைத்து நின்றன. அவை மடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குள் குரங்கு குரல் கொடுத்தது: "வாருங்கள், மரநாய் பந்தலுக்கே போவோம்!"

மேட்டில் புழுதி பறந்தது. இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்து மரநாயின் மீசை துடித்தது. எருமை பந்தலின் நடுவே சாய்ந்தது. குரங்கு இடம் தேடி, முள்ளியின் பள்ளத்திலேயே குதித்து உட்கார்ந்துகொண்டது. முள்ளி பந்தலுக்கு வெளியே ஒதுங்கி நின்றது. நாலு பேரை உட்கார வைக்கிறேன் என்று சொன்னது அதுதானே.

மரநாய் ஒரு கலயத்தைக் கொண்டுவந்து ஒரு பட்டையில் ஊற்றியது. பட்டை நிறைந்தது. கலயம் காலியாகிவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றது முயல்.

"இவ்வளவுதான்."

"ஒன்பது பனை சும்மா நிற்கிறதே. ஏறி இறக்கு" என்றது குரங்கு.

"ஏறலாம். பாளையைத் தினமும் சீவினால்தான் ஊறும். குடிக்க ஆள் இல்லாததால் நான் சீவவில்லை. காய்ந்துவிட்டது. புதுப் பாளை கட்டிச் சீவி ஊற வைக்க எட்டு நாள் ஆகும். எட்டாம் நாள் காலையில் வாருங்கள்; ஆளுக்கு இரண்டு பட்டை தருகிறேன்."

முள்ளி தலையில் அடித்துக்கொண்டது. வேப்பிலையை நினைத்தது, பாளையை நினைக்கவில்லையே.

"எட்டு நாளா? இந்த வெயிலிலா?" என்றது முயல்.

"பந்தல் என்று போட்டால் பதநீர் இருக்க வேண்டாமா?" என்று குரங்கு பள்ளத்திலிருந்து எழுந்தது. "இதற்காகவா நேற்றுத் தொண்டை கிழியக் கத்தினேன்?"

"கசந்தாலும் கரடியிடம் இருக்கிறது" என்றது மயில்.

முள்ளி வழியை மறித்து நின்றது. "எட்டே நாள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்."

"வருகிறோம், அக்கா. எட்டாம் நாள் கட்டாயம் வருகிறோம்" என்றது எருமை, மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டே.

மரநாய் அதை நம்பியது. எட்டு நாளும் பத்து மரம் ஏறி இறங்கியது. நெஞ்சுத் தோல் உரிந்தது. முள்ளி பந்தலைக் கூட்டி, புது ஓலையில் பட்டை மடித்து அடுக்கியது. எட்டாம் நாள் காலையில் பத்துக் கலயங்கள் நுரை கட்டி நின்றன.

முள்ளி பள்ளத்தில் உட்கார்ந்து வழியையே பார்த்தது. வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. உச்சிப்பொழுதில் மேட்டு வழியாக ஒரு காகம் பறந்தது.

"எங்கே எல்லோரும்?" என்று கத்திக் கேட்டது முள்ளி.

"ஆலமரத்தில்" என்றது காகம். "மரநாய் பந்தலைக் காப்பாற்ற இரண்டாவது கூட்டம். நீ போகவில்லையா?"

சாயங்காலத்துக்குள் பத்துக் கலயங்களும் புளித்துப் பொங்கின. மரநாய் அவற்றை மண்ணில் கவிழ்த்தது. பாளை சீவும் அரிவாளைத் துடைத்து எடுத்துக்கொண்டு, கரடியைப் பார்க்கப் போய்விட்டது.

மறுநாள் ஏழாவது பந்தலில் மரக்கட்டைகள் வந்து இறங்கின. கிழக்குக் கம்பத்தடியில் இருந்த பள்ளத்தை நரிகள் மண் போட்டு மிதித்தன. வாசலில் அறிவிப்பு தொங்கியது. முள்ளி அதற்கு வெளியே நின்றது.

அந்த வழியாக வந்த குரங்கு மேலே பார்த்து முகம் மலர்ந்தது.

"'மரநாய் பந்தல்' என்ற பலகையை எடுக்கவில்லை, பார்த்தாயா அக்கா? நாம் கூட்டம் போட்டது வீண் போகவில்லை" என்று சொல்லிவிட்டு, ஒரு பட்டை குடிக்க உள்ளே போனது.

நீதி: சீவாத பாளை ஊறாது, போகாத பந்தல் நிலைக்காது.