கருக்கன் கிள்ளிப் பார்த்த கடல் அட்டை

வெயில் எட்டியே பார்க்காத ஆழ்கடலின் அடியில் கருக்கன் என்றொரு நண்டு இருந்தது. அந்தச் சேற்று வெளிக்கு யார் வந்தாலும் இன்னார் என்று அடையாளம் சொல்வது அதன் வேலை. இருட்டில் எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு கிள்ளு கிள்ளும். கெட்டியாக இருந்தால் உயிர். கொழகொழவென்று இருந்தால் குப்பை. குப்பையைப் பக்கத்துப் பாதாளத்தில் தள்ளிவிடும். அவ்வளவுதான் அதன் ஆராய்ச்சி!

ஒருநாள் மெல்லி என்ற கடல் அட்டை சேற்றைத் தின்றபடி ஊர்ந்து வந்தது. கருக்கன் கிள்ளியது. கொடுக்கு வழுக்கியது.

"ஓடு இல்லை, எலும்பும் இல்லை. குப்பைதான்" என்று மெல்லியைப் பாதாளத்தின் விளிம்புக்குத் தள்ளியது.

"அண்ணே, பேசுகிறேனே! குப்பை பேசுமா?"

"பேச்சு கிடக்கட்டும். கிள்ளினால் என்ன தட்டுப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்."

மெல்லி சேற்றைப் பற்றிக்கொண்டு போராடியதில் அதன் தோல் கொஞ்சம் உரிந்து கொடுக்கில் ஒட்டியது.

கருக்கனின் கொடுக்கில் ஒட்டுவதைத் தின்றே பிழைக்கும் கூனி என்ற இறால், வழக்கம்போல அதை வாயருகே கொண்டுபோனது. தோல் நீலமாக ஒளிர்ந்தது. கூனி தின்ன மறந்துவிட்டது.

"யோவ் கருக்கா, தள்ளாதே. முதலில் இதைப் பார்."

"தோலில் என்ன இருக்கப்போகிறது?" என்று முணுமுணுத்தபடி கருக்கன் அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தது.

தோலுக்குள்ளே சக்கரங்கள் இருந்தன. மணலைவிடப் பொடியான சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆரக்கால்கள் இருந்தன. இடையிடையே சின்னச் சிலுவைகள். எண்ணி மாளாது. அத்தனையும் எலும்பாட்டம் கெட்டி, ஒன்றில்கூடக் கோணல் இல்லை. கருக்கனுக்கு மெய் சிலிர்த்தது.

"அம்மாடி, இத்தனையும் உனக்குள்ளேயா இருக்கிறது?"

"எனக்கே இன்றைக்குத்தான் தெரியும், அண்ணே" என்றது மெல்லி. அதுவும் தன் தோலையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கருக்கன் மெல்லியை விளிம்பிலிருந்து மெதுவாக இழுத்து வந்து சேற்றில் விட்டது. பிறகு பாதாளத்தை எட்டிப் பார்த்தது.

"கூனி, இதுவரை நான் தள்ளியதெல்லாம்?"

கூனியும் அந்த இருட்டை எட்டிப் பார்த்தது. கருக்கன் அதன்பிறகு யாரையும் கிள்ளவில்லை.

ஒரு கிள்ளில் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பவன், அதிசயத்தைக் கையில் வைத்துக்கொண்டே குப்பை என்று தள்ளிவிடுவான்.