ஒச்சம்மா கட்டச் சொன்ன வாய்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மரம் நடக்கும், நரி பேசும்னு சொல்வாங்களே, அந்தக் காலத்துல, ஏழுகுன்று ராஜ்யத்துக் கடைசி ஊருல ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தா. அவகிட்ட முப்பது கோழி. அடைச்சுப் போட்டா சீக்கு வந்து சாகும். மேய விட்டா பட்டப்பகல்லயே நரி தூக்கிட்டுப் போகும். ஊர்ல மத்தவங்க கோழியெல்லாம் நரி வயித்துக்குள்ள போயாச்சு. மிச்சம் இருந்தது ஒச்சம்மா கோழிதான்.

அவ மக செவந்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா. பிள்ளை பெத்தவளுக்குக் கோழிச்சாறு கொடுத்தாத்தான் பால் ஊறும்ங்கிறது அந்த ஊரு வழக்கம். அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

ஒச்சம்மா காட்டுக்குப் போயி, சடையன்கிற மந்திரவாதி கால்ல விழுந்தா.

"நரி வாயைக் கட்டிக் கொடுங்க சாமி."

"நரி வாய் மட்டும் போதுமா?"

அவளுக்குப் பக்கத்து வீட்டு வீராயி ஞாபகம் வந்துச்சு. அவ மகளும் நிறைமாசம். கோழி கேட்டு வந்து நிப்பாளே!

"எந்த வாயா இருந்தாலும் கட்டுங்க."

"எந்த வாயா இருந்தாலுமா?"

"ஆமா, எந்த வாயா இருந்தாலும்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லு தாயி."

"அட, கட்டுங்க சாமி!"

மூணு தடவை கேட்டான் அந்த ஆளு. மூணு தடவையும் யோசிக்கலையே இந்தப் புண்ணியவதி! அவன் சாம்பலை எடுத்து ஊதினான்.

அன்னையிலேருந்து நரி வரும், வாயைத் திறக்கும், தாடை பூட்டிக்கும், ஓடும். கோழிங்க அது முதுகுலயே ஏறி நின்னு கொக்கரிச்சுதுங்க, அவ்வளவு கொழுப்பு.

வீராயி மகளுக்குப் பிரசவம் ஆச்சு. வீராயி ஓடி வந்தா. "அக்கா, பிள்ளைக்குப் பால் இல்லைக்கா. ஒரே ஒரு கோழி கொடுக்கா."

"தாராளமா பிடிச்சுக்கோ. வாய் திறந்தா தின்னட்டும்," ன்னு சொல்லிட்டு ஒச்சம்மா சிரிச்சா. கோழி அடிச்சுச் சாறு வச்சும், கிண்ணம் கிட்ட வந்ததுமே வீராயி மக தாடை பூட்டிக்கிச்சு.

அஞ்சாம் நாள் செவந்திக்கு ஆம்பளைப் பிள்ளை. மிளகு தட்டிப் போட்டு, கமகமன்னு சாறு வச்சா ஒச்சம்மா. கிண்ணம் உதட்டுக்கிட்ட போனதும் செவந்தி தாடை பூட்டிக்கிச்சு. மூணு தடவை ஊட்டிப் பார்த்தா, மூணு தடவையும் பூட்டிக்கிச்சு. பச்சைப்பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப்போச்சு.

"அய்யோ சாமி, அவிழ்த்து விடுங்க!" மந்திரவாதிகிட்ட போய் விழுந்து புரண்டா.

"என்னால ஆகாது. நரி வாய்க்கு உன் கையால மனசார ஊட்டு. அப்பத்தான் எல்லா வாயும் திறக்கும்."

உச்சிவெயில்ல பாறையிடுக்குல நரி எலும்பும் தோலுமா படுத்துக் கிடந்துச்சு. "என்ன ஒச்சம்மா, உன் வீட்டுல பசின்னதும் என் நினைப்பு வந்துச்சாக்கும்?"

ஒச்சம்மா செல்லமா வளர்த்த புள்ளிக்கோழியை நீட்டினா. நரி கவ்விச்சு, மந்திரம் உடைஞ்சுச்சு.

செவந்தி சாறு குடிச்சா, பால் ஊறிச்சு, பிள்ளை பிழைச்சுச்சு. உடனே ஒச்சம்மா ஒரு சட்டி நிறையச் சாறு எடுத்துக்கிட்டு வீராயி வீட்டுக்கு ஓடினா. அங்கே தொட்டில் சேலையை அவிழ்த்துத் துவைச்சு, கொடியில காயப் போட்டிருந்தாங்க.

வீராயி சட்டியை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. "கொடுக்கா. பெத்தவளாவது இன்னும் உசுரோட கிடக்கா."

அவ்வளவுதான் கதை. நல்லவ வீராயிக்கு என்ன கிடைச்சுச்சுன்னு கேக்கறீங்களா? ஒரு சட்டி சாறு கிடைச்சுச்சு, போங்க.